ஒரே நாற்காலி

"இதுல கையெழுத்துப் போடுங்க, ஐயா. நம்ம கவுன்ட்டி கோர்ட்டுக்கு இன்னொரு ஜட்ஜ் வேணும்."

இதை மட்டும் கேட்டுவிடாதே என்று டீலியாவின் சீனியர் வக்கீல் பாய்ட் காலையிலேயே தலைதலையாக அடித்துக்கொண்டிருந்தார். டீலியா கேட்டேவிட்டாள். இதற்கு முன் கேட்ட இரண்டு வக்கீல்களும் ஒரே மாதத்தில் தங்கள் கேஸ்களை விட்டு விலகி, ஊரையே காலி செய்துகொண்டு போனவர்கள்.

நீதிபதி ரென்ஃப்ரோ அவித்த வேர்க்கடலையை உரிப்பதை நிறுத்தவில்லை. "என்கிட்ட எதுக்கும்மா கடுதாசி? சட்டசபைல போய்க் கேளு."

"கேட்டாச்சு. புது பதவிக்கு மசோதா தயாரா இருக்கு. இருக்கிற ஜட்ஜ் ஒப்புதல் இல்லாம கமிட்டி அதைத் தொட மாட்டேங்குது."

"அப்ப கமிட்டிக்கு மூளை இருக்கு." தோலைக் கூடையில் எறிந்தார். "இருபத்திநாலு வருஷமா நான் ஒருத்தன்தான் ஓட்டறேன். ஒரு தேர்தல்லயாவது எவனாவது என்னை எதிர்த்து நின்னிருக்கானா? இந்தக் கவுன்ட்டிக்கு ஒரே நாற்காலி போதும்."

அந்த ஊரில் ஜட்ஜையும் ஓட்டுப் போட்டுத்தான் தேர்ந்தெடுத்தார்கள்; ஆனால் எந்த வக்கீல் நிற்பான்? தோற்றால் மறுநாள் காலை அதே ஆள் முன்னால்தானே கேஸ் நடத்த வேண்டும்!

"என் கட்சிக்காரர் லோரின் டட்டில் ஜெயிலுக்குப் போய் பதினாலு மாசம் ஆச்சுங்க. வீட்ல அன்னைக்குத் தவழ்ந்த குழந்தை இன்னைக்கு ஓடுது. விசாரணைக்கு ஒரு தேதி கிடைக்கலை."

"ஜூரி உக்கார வைக்க எனக்கு வருஷத்துல நாலு வாரம்தான் கிடைக்குது. வரிசைல நிக்கட்டும். அவசரம்னா குத்தத்தை ஒத்துக்கச் சொல்லு, நாளைக்கே வீட்டுக்குப் போகலாம்."

"செய்யாததை எதுக்கு ஒத்துக்கணும்?"

டீலியாவின் கால் தன்பாட்டுக்குத் தரையைத் தட்டியது. சுவர்க் கடிகாரத்தில் ஐந்தாக ஒன்பது நிமிடம். கையிலிருந்த பழுப்பு உறை வியர்வையில் நைந்துகொண்டிருந்தது.

"இங்க வக்கீலா வந்து எத்தனை வருஷம் ஆச்சு?"

"போன வாரத்தோட ஆறு முடிஞ்சுது."

"ஆறு வருஷத்துல அடக்கம் மட்டும் வரலை. உங்கம்மா கோழிக் கம்பெனில முப்பது வருஷம் வாயைத் திறக்காம நின்னா. நீ நாலு எழுத்துப் படிச்சதும் வாய் காது வரைக்கும் போகுது."

"அம்மா பேசாம விட்டதையும் சேர்த்துப் பேசறேன்."

அவர் சிரித்தார். அப்போதுதான் உறை கண்ணில் பட்டது. "ஓ, விலகல் மனுவா? அந்த ரெண்டு பேரும் இதே மாதிரி உறைலதான் கொண்டுவந்தாங்க. முதல்லயே சொல்லியிருந்தா ரெண்டு கடலை கொடுத்து அனுப்பியிருப்பேனே!"

"கடைசியாக் கேக்கறேன். கையெழுத்துப் போடுவீங்களா, மாட்டீங்களா?"

கடிதத்தை ஒற்றை விரலால் தள்ளினார். கடலைத் தண்ணீர் அதில் வட்டமாக ஊறியிருந்தது. "வெர்னாகிட்ட உன் காகிதத்தைக் கொடுத்துட்டுக் கிளம்பு. அஞ்சு அடிச்சா மூடிடுவா."

டீலியா கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள். அந்தக் கட்டடத்தில் வழக்கு, கல்யாணப் பதிவு, தேர்தல் எல்லாவற்றுக்கும் கிளார்க் வெர்னாவின் ஒரே ஜன்னல்தான். உறையை நீட்டினாள்.

"வெர்னா!" உள்ளேயிருந்து நீதிபதியின் குரல் வந்தது. "அந்தப் பொண்ணு கொடுக்கறதை வாங்கி உடனே முத்திரையைக் குத்து. நாளைக்கு மனசு மாறிடப் போறா!"

வெர்னா உறையைப் பிரித்தாள். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டு டீலியாவைப் பார்த்தாள், மறுபடி காகிதத்தைப் பார்த்தாள். பிறகு ஓங்கி ஒரு குத்து.

ரசீதை வாங்கிக்கொண்ட டீலியா திரும்பிப் பார்க்காமல் வாசல் படிகளில் இறங்கினாள்.

"குத்திட்டேங்க ஐயா," வெர்னா உள்ளே பார்த்துக் கத்தினாள். "ஆனா இது விலகல் மனு இல்லை, உங்க நாற்காலிக்கு வேட்புமனு!"