வாசலுக்கு மேலே ஒரு முகம்

சாரத்தைப் பிரித்த அன்றுதான் ஒட்டிலி அதைப் பார்த்தாள். போலந்தின் வூச் நகரத்துப் பெரிய தெருவில், அவளும் கணவன் குஸ்டாவும் குடியேறப் போகும் மூன்று மாடி வீட்டின் வாசலுக்கு மேலே, மில் வேலைக்காரிகளைப் போலத் தலையில் துணி கட்டிய ஓர் இளம்பெண்ணின் கல் முகம்.

“யோவ் வாலென்டி! யாருய்யா இவ?”

“தெரியாதும்மா. ஐயா ஒரு படம் குடுத்து, இதே மாதிரி செதுக்குன்னாரு” என்றான் கல்தச்சன்.

“ஊர்ல எல்லார் வாசல்லயும் தேவதை இருக்கு. என் வாசல்ல மில்லுக்காரியா? எத்தனை நாளா நடக்குது இந்தக் கூத்து? ஏறு மேல, உடை!”

“ஐயா வந்துடட்டுமேம்மா…”

“நீ உடைக்கிறியா, நான் ஏறட்டுமா?”

எதிர்வீட்டு ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. வாலென்டி ஏணியில் ஏறி உளியை வைத்தான். கல் மூக்கு படியில் விழுந்து சிதறியது.

அப்போதுதான் குஸ்டாவின் வண்டி வந்து நின்றது. அவன் குதித்து ஓடிவந்தான்.

“நிறுத்துடா! ஒட்டிலி, உனக்கென்ன பைத்தியமா?”

“உங்க வப்பாட்டி மூஞ்சியில முழிச்சுட்டுத்தான் நான் தினம் உள்ள போகணுமா?”

“வப்பாட்டியா? நல்லாப் பாருடி, அது நீ! கல்யாணத்துக்கு முன்னாடி மில்லுல நூல் நூத்துட்டிருந்தப்ப எடுத்த படம். இந்த வீட்டுக்கு உன்னைவிட வேற எந்தத் தேவதை எனக்கு?”

ஒட்டிலி நிமிர்ந்து பார்த்தாள். நெற்றியும் கன்னமும் தன்னுடையவைதான் என்று இப்போது தெரிந்தது. பிறகு, எதிர்வீட்டு ஜன்னல்களைப் பார்த்தாள். அவள் முகம் முன்பைவிடச் சிவந்தது.

“ஏன்யா நிக்கிற?” என்று வாலென்டியிடம் கத்தினாள். “யாராவது அடையாளம் கண்டுபிடிக்கறதுக்குள்ள மிச்சத்தையும் உடை!”