குண்டும் குச்சியும்

“முதல்ல ஒரு லெட்டர் எழுதிக் குடுங்க டாக்டர். இந்தக் குட்டியைப் பட்டினி போட்டிருக்காங்கன்னு.”

வந்த வேகத்தில் கூடையை மேஜை மேல் வைத்தார் டீச்சர். டாக்டர் நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை.

கூடைக்குள் இரண்டு பூனைக்குட்டிகள். இரண்டு மாதம் இருக்கும். ஒன்றுக்கு வயிறு பந்து மாதிரி. இன்னொன்று ஈர்க்குச்சி.

“குண்டு என்னுது. குச்சி எதிர்வீட்டுத் தையல்காரம்மாவோடது. மாடிப்படிக்குக் கீழே ஒரே பூனை போட்ட குட்டிங்க. ஆளுக்கு ஒண்ணு எடுத்தோம். இப்ப வித்தியாசத்தைப் பாருங்க!”

“நீங்க இதைத் தூக்கிட்டு வந்தது அவங்களுக்குத் தெரியுமா?”

“எதுக்குத் தெரியணும்? பசி தாங்காம என் வீட்டுக்குள்ள ஓடி வந்துச்சு. எந்நேரமும் மிஷின்லயே உக்காந்திருந்தா குட்டியை யார் கவனிப்பா? பதினோரு மணிக்கு எங்க ஃபிளாட் அசோசியேஷன் மீட்டிங். லெட்டரை நீட்டினா அந்தம்மா வாயைத் திறக்க முடியாது.”

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். நம்பிக்கை இல்லாமல் கைக்கடிகாரத்தையும் பார்த்தார்.

டாக்டர் குச்சியை எடை போட்டார். ஈறைப் பார்த்தார், வயிற்றைத் தடவினார், இறக்கி விட்டார். அது உடனே மேஜை மேலிருந்த பேனாவைத் துரத்தப் போய்விட்டது.

குண்டுவின் உதட்டைத் தூக்கியபோது டாக்டரின் கை நின்றது. ஈறு வெளுத்துக் கிடந்தது.

“நல்லா சாப்பிடுதா?”

“நாலு வேளை! எவ்வளவு வச்சாலும் போதமாட்டேங்குது.”

“வாந்தி?”

“நேத்து ஒரு தடவை. வெள்ளையா நூல் மாதிரி வந்துச்சு. அந்தம்மா வீட்டு நூலைத்தான் முழுங்கியிருக்கு. அதையும் சேர்த்து எழுதுங்க!”

டாக்டர் குண்டுவிடமிருந்து துளி மலம் எடுத்து, கண்ணாடித் தகட்டில் தடவி மைக்ராஸ்கோப்பில் வைத்தார்.

டீச்சர் கதவு வரை போவதும் திரும்புவதுமாக இருந்தார்.

“இங்க வந்து பாருங்க.”

பார்த்தார். உருண்டை உருண்டையாக ஏதேதோ தெரிந்தது.

“அத்தனையும் புழு முட்டை. நேத்து வந்தது நூல் இல்ல, புழு. இந்த வயிறும் சதை போட்டதால வந்தது இல்ல. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா குடலையே அடைச்சிருக்கும்.”

டீச்சர் மெல்ல உட்கார்ந்தார்.

“வேளாவேளைக்கு ஊட்டினேனே டாக்டர்...”

“பாதியைப் புழு தின்னிருக்கு. தாய்ப்பால் வழியா ரெண்டுக்குமே வந்திருக்கும். குச்சிக்கு ரெண்டு தடவை மருந்து குடுத்தாச்சு. அது பட்டினி கிடக்கல. ஆரோக்கியமான குட்டி இப்படித்தான் இருக்கும்.”

“குண்டு... பிழைச்சுக்குமா?”

“பிழைச்சுக்கும். இப்ப ஒரு டோஸ், ரெண்டு வாரம் கழிச்சு இன்னொண்ணு. அப்புறம் மறுபடி ஒரு டெஸ்ட்.”

எடைக்குத் தகுந்த மருந்தை ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்து, குண்டுவின் கடைவாயில் கொஞ்சம் கொஞ்சமாக விட்டார் டாக்டர். டீச்சர் அதன் தலையைப் பிடித்துக்கொண்டார்.

“குச்சிக்கு மருந்து குடுத்தது உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“நான்தானே குடுத்தேன். அவங்க இங்கதான் கொண்டு வந்தாங்க.”

“அப்ப என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!” போன கோபம் திரும்பி வந்தது.

“சொல்லத்தான் ரெண்டு தடவை உங்க கதவைத் தட்டினாங்களாம். நீங்க திறக்கலையாம்.”

டீச்சர் குச்சியைத் தூக்கி, கூடைக்குள் குண்டுவின் பக்கத்தில் விட்டார்.

“போன வாரம் வந்தப்ப என்கிட்ட ஒண்ணு கேட்டுக்கிட்டாங்க” என்றார் டாக்டர். “‘எதிர்வீட்டு டீச்சர் என்னைக்காவது குட்டியைத் தூக்கிட்டு வருவாங்க. அவங்களைத் திட்டிடாதீங்க டாக்டர். உயிரையே வச்சிருக்காங்க அது மேல’ன்னு.”