பதிமூணாம் நம்பர்

"அந்தச் சேரை விட்டு எந்திரிங்க மொதல்ல. எந்திரிங்கங்கேன்!"

வெங்கடேஸ்வரி வந்து நின்ற வேகத்தைப் பார்த்து, வேல்பாண்டி மடியில் இருந்த ஃபைலோடு எழுந்துவிட்டான். ஸ்ரீவில்லிபுத்தூரில், குழந்தை இல்லாதவர்களுக்கு வைத்தியம் பார்க்கும் சின்ன ஆஸ்பத்திரி அது. ஹாலில் இருந்த இருபது பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்னட்டி ஆச்சு? ரிசல்ட்டு வந்துருச்சா?"

"வந்துச்சு, வந்துச்சு. இங்குட்டு வாங்க."

அவனை இழுத்துக்கொண்டு போய்த் தண்ணீர்க் கேனுக்குப் பக்கத்தில் நிறுத்தினாள். அங்கிருந்து திரும்பிப் பார்த்தாள். அவன் உட்கார்ந்திருந்த இடத்துக்கு அடுத்த நாற்காலியில் பச்சைச் சுடிதார்க்காரி ஒருத்தி. அவள் கையில் ஆஸ்பத்திரி அட்டை. அதில் கொட்டை எழுத்தில் 13.

அங்கே யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. நாலு பேர் முன்னால் கூச்சப்படுவார்கள் என்று முதல் நாளே ஓர் அட்டை கொடுத்துவிடுவார்கள். அதில் இருக்கும் நம்பரைத்தான் கூப்பிடுவார்கள்.

வெங்கடேஸ்வரி அந்தப் பக்கம் கண்ணைக் காட்டினாள்.

"அவகிட்ட என்ன பேச்சு?"

"பேச்சா? அந்தப் பிள்ளைக்கு வன்னியம்பட்டியாம். தண்ணி பாட்டில் மூடி இறுகிப்போச்சுன்னு நீட்டுச்சு. திறந்து குடுத்தேன்."

"எனக்கு ஒரு நாளாவது ஊறுகா பாட்டிலைத் திறந்து குடுத்திருக்கீங்களா?"

"நீதான் எனக்கே திறந்து குடுப்பியே!"

இந்த நேரத்தில் சொல்லக்கூடிய பதிலா இது? வேல்பாண்டி ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் துணி மில்லில் ஃபிட்டர். மெஷின் என்ன சத்தம் போட்டாலும் என்ன கோளாறு என்று சொல்லிவிடுவான். பெண்டாட்டி விஷயத்தில் அந்தக் காது வேலை செய்யாது.

கல்யாணமாகி ஆறு வருஷம். இந்த ஆடி முடிவதற்குள் ஒரு சேதி வரவில்லையென்றால் மகனுக்கு வேறு பெண் பார்ப்பேன் என்று மாமியார் இருளம்மாள் தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்லிவிட்டாள். கடைசி நம்பிக்கையாகத்தான் டாக்டர் ஆனந்தவல்லியிடம் வந்தார்கள்.

"ஆம்பளையோட அணு தானா நீந்திப் போயிரும்னு நெனைக்காதீங்க. கர்ப்பப்பை வாய்ல ஒரு நீர் சுரக்கும். அது வழி விட்டாத்தான் உள்ளே போக முடியும். வழி விடுதான்னு பார்த்துருவோம்" என்றார் டாக்டர். வெங்கடேஸ்வரியிடம் போன மாதம் ஒரு தடவை, இந்த மாதம் ஒரு தடவை அந்த நீரை எடுத்தார்கள். அதில் விட்டுப் பார்க்க வேல்பாண்டியும் இரண்டு தடவை சாம்பிள் கொடுத்தான். இன்றைக்கு ரிசல்ட்.

"விஷயத்தைச் சொல்லுட்டி" என்றான் அவன்.

"பாத்ரூம் போயிட்டு வாரேன், லேப்புல டெஸ்ட் பாக்குற அந்த பிரிஸ்கில்லா, நம்ம டாக்டர்கிட்ட போன்ல சொல்லுது. 'வேல்பாண்டியோடது இருபத்தேழுல நகரவே இல்ல மேடம், நின்ன இடத்துலயே கெடக்கு'ன்னு." தன் அட்டையை அவன் மூக்குக்கு நேராக நீட்டினாள். "இந்தா பாருங்க. நான்தான இருபத்தேழு?"

வேல்பாண்டியின் முகம் தொங்கிப்போனது. "சரி விடு. மருந்து மாத்திரை ஏதாவது..."

"இன்னும் முடியல. பதிமூணுல விட்டா விறுவிறுன்னு ஓடுதாம்! சூப்பரா போகுது மேடம்னு அதுக்கு ஒரே சிரிப்பு வேற!"

"பதிமூணா? அது யாரு?"

"மூடி திறந்து குடுத்தீங்கள்ல, அந்த மகராசி!"

வேல்பாண்டி பச்சைச் சுடிதாரைத் திரும்பிப் பார்த்தான். பார்த்திருக்கக் கூடாது.

"பாருங்க, நல்லாப் பாருங்க!"

"ஏட்டி, சத்தியமா எனக்கு ஒண்ணும் தெரியாது. லேப்புல எதை எதுல விட்டுப் பாக்காங்கன்னு நான் கண்டனா?"

"உங்களுக்குத் தெரியாது. ஆனா அதுக்குத் தெரிஞ்சிருக்கே! ஆறு வருசமா என்கிட்ட நொண்டிக்கிட்டுக் கெடந்தது, அவகிட்ட மட்டும் ஓட்டமா ஓடுதே!" மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "ரெண்டு தடவை எடுத்தும் என் உடம்பு வழி விடல. அவ உடம்பு விடுது. எனக்குப் பொறாமையா இருக்குங்க. அவளைப் பார்க்கப் பார்க்க ஆத்திரமா வருது."

"அட்டை நம்பர் இருபத்தேழு!" என்று நர்ஸ் கூப்பிட்டாள்.

உள்ளே போனதும் டாக்டர் சிரித்தார். "உட்காரும்மா. நல்ல சேதிதான்."

வெங்கடேஸ்வரி உட்காரவில்லை.

"நல்ல சேதி இவருக்குத்தான் டாக்டர். நான் எல்லாத்தையும் கேட்டுட்டேன். எனக்கு வைத்தியமும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். எங்க அம்மா வீட்டுக்குப் போறேன். இவரு அந்தப் பதிமூணையே கட்டிக்கிடட்டும்!"

"எந்தப் பதிமூணு?"

"பச்சைச் சுடிதார் போட்டு வெளிய உக்காந்திருக்காளே!"

டாக்டர் ஃபைலை அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

"இருபத்தேழும் பதிமூணும் அட்டை நம்பர் இல்லம்மா, நாள் கணக்கு. மாசவிலக்கு ஆனதுல இருந்து எண்ணி, போன மாசம் இருபத்தேழாம் நாள் உன்கிட்ட எடுத்த நீர் பசை மாதிரி கெட்டியா இருந்துச்சு. அணு சிக்கிக்கிருச்சு. இந்த மாசம் பதிமூணாம் நாள் எடுத்தது முட்டை வெள்ளைக்கரு மாதிரி இளகி, வழி விட்டுருச்சு."

வெங்கடேஸ்வரி ஃபைலைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள்.

"அப்ப... அந்தப் பதிமூணு?"

"அவளைத்தான் உன் வீட்டுக்காரர் ஆறு வருஷத்துக்கு முன்னாடியே கட்டிட்டாரே!"