பெயர் கேட்காத சர்வே

செம்பூர் ஆஸ்பத்திரி வார்டில் மத்தியான வெயில் கட்டில் கால்களைத் தொடுகிறது. நர்ஸ் ஷமீமாவின் தட்டில், போடாத ஊசி உருள்கிறது. வம்பு வேண்டாமென்று ஹெட் நர்ஸ் திருப்பிக் குத்தச் சொன்ன பெயர் பேட்ஜ் அவள் நெஞ்சில் வெறும் வெள்ளையாக இருக்கிறது. அப்படியும் ஓரக்கட்டில் ஆள் அவள் பெயரைக் கேட்டார். ஷமீமா என்றதும் கையை இழுத்துக்கொண்டு வேறு நர்ஸை அனுப்பச் சொன்னார். நர்ஸ்களிடம் சர்வே எடுக்க மாட்டுங்காவிலிருந்து வந்திருக்கும் பெண் டேப்லெட்டோடு வழிமறிக்கிறாள். "சிஸ்டர், பேஷன்ட்ஸ்கிட்ட உங்களுக்கு மரியாதை கிடைக்கறதா? ஒண்ணுலேர்ந்து அஞ்சுக்குள்ள மார்க் சொல்லுங்கோ." ஷமீமா ஓரக்கட்டிலைப் பார்க்கிறாள். "அந்த ஆளு இப்ப செஞ்சதுக்கு இதுல கேள்வி இருக்கா?" "அது இதுல வராது. பயப்படாம சொல்லுங்கோ, உங்க பேரைக் கேக்கவே மாட்டோம்." தட்டு மேசையில் ணங்கென்று இறங்குகிறது. "இங்க அவனவன் பேரத்தானம்மா மொதல்ல கேக்கான்."