ஆறாவது விரல்

"இந்த மாசமும் கிழி கிழின்னு கிழிச்சுட்டான்!"

போனை மேஜை மேல வீசினேன்.

நான் காமிக்ஸ் வரையறவன். மாசாமாசம் வர்ற 'விண்மறவன்' என் கைவேலை. பறப்பான், பஸ்ஸைத் தூக்குவான், ஊரையே காப்பாத்துவான். அவனை யார் காப்பாத்தறதுங்கிறதுதான் இப்பப் பிரச்சினை. விற்பனை படுத்துக் கிடந்ததால போன வருஷமே நிறுத்தறதா இருந்தார் பதிப்பாளர். அப்புறம் எப்படியோ எழுந்து உட்கார்ந்துச்சு. தொடரலாமா, மூட்டை கட்டலாமான்னு இன்னைக்கு முடிவு சொல்றதாச் சொல்லியிருந்தார்.

இந்த நேரம் பார்த்துத்தானா 'கழுகுக்கண்' கொத்தணும்?

புது இதழ் கடைக்கு வந்த அன்னைக்கே காமிக்ஸ் ரசிகர்களோட இணையதளத்துல இவன் விமர்சனமும் வந்துடும். ஆள் யாருன்னு ஒருத்தருக்கும் தெரியாது.

"அப்படி என்னதான் சொல்றான்?" ஆபீசுக்குக் கிளம்பித் தலை வாரிக்கிட்டே கேட்டா என் மனைவி.

"கேளு. 'விண்மறவன் பறக்கிறாரா, மாடியிலிருந்து தவறி விழுகிறாரா? தலைமுடி ஒரு பக்கம் பறக்கிறது, அங்கி மறு பக்கம் பறக்கிறது. ஓவியர் வீட்டில் மட்டும் இரண்டு காற்று வீசுமோ?'"

அவளுக்குச் சிரிப்பு வந்துடுச்சு. நான் முறைச்சதும் வாயைப் பொத்திக்கிட்டா.

"உங்க பழைய கூட்டாளி வேலையா இருக்கும். உங்களைப் பார்த்தாலே அவருக்கு வயிறு எரியும்."

"அவனா? அவனுக்கு இவ்வளவு பார்வை ஏது! இதைக் கேளு. 'போன இதழில் வெள்ளத்தில் ஒரு செருப்பைத் தொலைத்து நின்ற சிறுமி, இந்த இதழில் கூட்டத்தின் கடைசியில் புதுச் செருப்போடு நிற்கிறாள். யார் வாங்கிக் கொடுத்தது? அதை ஏன் வரையவில்லை?'"

படிக்கும்போதே எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துச்சு. அந்தச் சிறுமி சுண்டுவிரல் நகம் அளவுகூட இருக்கமாட்டா. என் ஆசைக்கு வரைஞ்சது. பதிப்பாளர் பார்க்கல, என் மனைவி பார்க்கல, இவன் பார்த்திருக்கான். திட்டுறவன்தான், ஆனாலும் எதிர்ல வந்தா கையெடுத்துக் கும்பிட்டிருப்பேன். என் படத்தை இப்படிக்கூட ஒருத்தன் பார்ப்பானா!

"காலங்கார்த்தால என்ன கூச்சல்?" ஹால்ல இருந்து என் மாமியார் குரல். எங்களோடதான் இருக்காங்க. "பொம்மையை யாரோ ஏதோ சொன்னா உங்களுக்கு என்ன மாப்பிள்ளை? டீ ஆறுது, குடிங்க."

அவங்களுக்கு நான் வரையறது எல்லாமே பொம்மை. தினமும் என் மேஜையைத் துடைக்கும்போது ஒரு பெருமூச்சு கண்டிப்பா வரும்.

விமர்சனத்தோட கடைசி வரிக்கு வந்தேன். 'பதினான்காம் பக்கத்தில் பஸ்ஸைத் தாங்கும் கையில் ஆறு விரல்கள். விண்மறவனின் பலத்துக்குக் காரணம் இதுதானா?'

ஆறா? அலறி அடிச்சுக்கிட்டு இதழைப் புரட்டினேன். எண்ணிப் பார்த்தேன். அஞ்சுதான்.

"மாட்டிக்கிட்டான்! புத்தகத்தைப் பார்க்காமலேயே எழுதறான்!"

உடனே பதிப்பாளருக்குப் போன் போட்டேன்.

"சார், அந்தக் கழுகுக்கண் சரியான பித்தலாட்டக்காரன். அவனைச் சும்மா விடக்கூடாது."

"அட, அவரை விடுங்க சார்," சிரிச்சார். "நானே கூப்பிடணும்னு இருந்தேன். கொஞ்ச மாசமாவே இதழ் சூடா விக்குது. அடுத்த வருஷமும் விண்மறவன் உண்டு. வரைஞ்சு தள்ளுங்க."

எனக்குத் தலைகால் புரியல. "பார்த்தியா? எவன் என்ன திட்டினாலும் என் படம் தானாப் பேசுது!"

மனைவி இதழைக் கையில எடுத்தா. அந்தப் பதினாலாம் பக்கத்தையே பார்த்துக்கிட்டிருந்தா.

"ஏங்க, இதுல முதல்ல ஆறு விரல் விழுந்துடுச்சுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

பொறி தட்டுச்சு. ஆமா! பேப்பர்ல வரையும்போது அவசரத்துல ஒரு விரல் கூடிப்போச்சு. அனுப்பறதுக்கு முன்னாடி கம்ப்யூட்டர்ல அதை அழிச்சுட்டேன். ஆறு விரல் இருக்கிற பேப்பர் இந்த மேஜையை விட்டு எங்கேயும் போகல.

ரெண்டு பேரும் மெதுவா ஹாலை எட்டிப் பார்த்தோம்.

மூக்கு நுனியில கண்ணாடியோட மாமியார் போன்ல மும்முரமாத் தட்டிக்கிட்டிருந்தாங்க. சீரியல் பார்க்கிறாங்கன்னுதான் இத்தனை நாளா நினைச்சுக்கிட்டிருந்தோம்.

"அத்தை," பக்கத்துல போய் நின்னேன். "அது அஞ்சு விரல்தான். திருத்திட்டேன்."

"அய்யய்யோ, திருத்திட்டீங்களா? ஒரு வார்த்தை சொல்லவே இல்லையே!" நாக்கைக் கடிச்சுக்கிட்டாங்க.

நக அளவு சிறுமியோட காலைப் பார்த்தது இந்தக் கண்ணா? தினமும் மேஜையைத் துடைக்கிற சாக்குல என் ஒவ்வொரு கோட்டையும் படிச்சது இவங்களா? பிரமிப்பு ஒரு பக்கம், ஆதங்கம் ஒரு பக்கம்.

"இவ்வளவு ஆசையாப் பார்த்திருக்கீங்களே அத்தை, நல்லா இருக்குன்னு ஒரே ஒரு வரி எழுதியிருக்கக் கூடாதா?"

"எழுதினேனே மாப்பிள்ளை. முதல்ல வாய் நிறையப் பாராட்டித்தான் எழுதினேன். ஒரு ஈ, காக்கா எட்டிப் பார்க்கல." கண்ணாடியைக் கழற்றித் துடைச்சாங்க. "சரின்னு மறுமாசம் கண்டபடி திட்டிவிட்டேன். 'எங்க விண்மறவனை நீ எப்படிச் சொல்லலாம்?'னு ஆளாளுக்குப் புத்தகத்தை வாங்கிக்கிட்டு என்கூடச் சண்டைக்கு வந்துட்டாங்க. அதுக்கப்புறம் உங்களைப் பாராட்ட எனக்குத் தைரியமே வரல."