ரேடியோவின் டப்பா

ஹாலே அதிரும்படி கைதட்டல் கிளம்பியது. நடு வரிசையில் உட்கார்ந்திருந்த பூனை, யாரோ முதுகில் ஓங்கி அறைந்த மாதிரி துள்ளினாள்.

மெட்டீரியல்ஸ் இன்ஜினியரிங் மாணவர்களுக்கான ஸ்காலர்ஷிப் அவளுக்குத்தான். உலோகத்தை மைக்ராஸ்கோப்பில் வைத்து எடுத்த படங்களில் அவளுடையதற்கே முதல் பரிசு. கடைசி வருடம் முழுக்க ஃபீஸ் கட்ட வேண்டியதில்லை.

"மசமசன்னு உட்கார்ந்திருக்காதடி, மேடைக்குப் போ!" பக்கத்தில் இருந்த ரேடியோ முழங்கையால் இடித்தாள். வாய் ஓயாததால் அவளுக்கு அந்தப் பெயர். வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது என்பதால் இவள் பூனை. ஹாஸ்டலில் இரண்டாம் வருடத்திலிருந்து இருவருக்கும் ஒரே அறை.

இரண்டு விரலை வாயில் வைத்து ரேடியோ அடித்த விசிலில் டீனே திரும்பிப் பார்த்தார்.

பேராசிரியர் மைக்கைப் பிடித்தார். "ஒரு கீறல் இருக்கா பாருங்க! இதைப் பார்த்துத் தலை சீவிக்கலாம். இப்படி பாலிஷ் போடணும்னா நாள் கணக்கா மெஷின் முன்னாடி நிக்கணும். விரல் தேஞ்சுபோகும்!"

மேடையேறி நின்ற பூனை தலையைக் குனிந்துகொண்டாள். 'எவ்வளவு அடக்கம்!' என்று முன் வரிசை மெச்சியது. அவளுக்கோ அந்த மேடை அப்படியே பிளந்து தன்னை விழுங்கினால் தேவலை என்றிருந்தது.

போட்டிக்கு முந்தைய மூன்று நாளும் அவள் காய்ச்சலில் கிடந்தாள். கடைசி நாள் மதியம் இரண்டு மணிக்குத் தள்ளாடிக்கொண்டு லேபுக்குப் போனபோது அங்கே ஈ, காக்கை இல்லை. அலமாரியில் பெயர் ஒட்டிய இரண்டு டப்பாக்கள்.

மூடி உடைந்து டேப் போட்டிருந்த அவளுடைய டப்பாவில், காசு அளவு எஃகு வில்லை ஒன்று, அறுத்தது அறுத்தபடி சொரசொரவென்று கிடந்தது. இறுக மூடியிருந்த ரேடியோவின் டப்பாவைத் திறந்தாள். உள்ளே இருந்த வில்லையில் அவள் முகம் தெரிந்தது.

இரண்டும் ஒரே கம்பியில் அறுத்தவை. ஒரே உலையில் ஒன்றாகச் சூடேறியவை. இரட்டைப் பிள்ளைகளாவது மச்சத்தை வைத்து அடையாளம் தெரியும். இவற்றுக்கு டப்பாவின் மேல் ஒட்டிய பெயர்தான் அடையாளம்.

வில்லை அவரவருடையதாக இருக்க வேண்டும் என்பது போட்டி விதி. அப்பாவுக்கு வேலை போய் ஆறு மாதம் ஆகியிருந்தது. ஸ்காலர்ஷிப் கிடைக்காவிட்டால் படிப்புக்கு முழுக்கு.

பூனை வில்லைகளை இடம் மாற்றி வைத்தாள். பளபளத்ததை எடுத்துப்போய்ப் படம் பிடித்து, ஐந்து மணிவரை கெடு இருந்தும், மூன்றடிப்பதற்குள்ளேயே கொடுத்துவிட்டாள்.

போட்டியாளர் பட்டியலில் ரேடியோவின் பெயர் இல்லை. ஏன் என்று கேட்கவே இல்லை பூனை. அவளுக்குத் தெரியாதா என்ன?

விழா முடிந்து இருவரும் வராந்தாவுக்கு வந்தார்கள்.

"ட்ரீட் எப்போடி? டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்து ஏமாத்தலாம்னு பார்த்தே, அறையை விட்டே துரத்திடுவேன்!"

"நான் திருடிட்டேன்டி."

"எதை? என் மனசையா?"

"உன் சாம்பிளை. நீ கஷ்டப்பட்டுத் தேய்ச்சு வச்சிருந்தே. நான் மாத்தி எடுத்துக்கிட்டேன். இப்பவே டீன்கிட்ட போய்ச் சொல்லிடறேன். இந்தப் பரிசு உனக்கு வர வேண்டியது."

ரேடியோ நின்றுவிட்டாள். அவள் இவ்வளவு நேரம் பேசாமல் இருந்து பூனை பார்த்ததில்லை.

"தெரியும்," என்றாள் கடைசியில்.

"தெரியுமா?"

"அன்னிக்கு மூணு மணிக்குக் கிளாஸ் முடிஞ்சு வந்து டப்பாவைத் திறந்தேன். அப்பவே தெரியும்."

"தெரிஞ்சுமா விசிலடிச்சே? பளார்னு ஒண்ணு விட்டிருக்கலாமே!"

"விடணும்னுதான் தோணிச்சு. கை வரல." ரேடியோ எங்கோ பார்த்துக்கொண்டு பேசினாள். "ஒரே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் நீ. எடுத்துக்கட்டுமான்னு."

"கேட்டிருந்தா கொடுத்திருப்பியா?"

"உன் டப்பா மூடி உடைஞ்சிருக்குல்ல? ஈரக்காத்து பட்டா பாலிஷ் போட்ட எஃகு ராத்திரியோட ராத்திரியா துருப் பிடிச்சிடும். அதுக்குத்தான் நான் முந்தின நாளே ரெண்டையும் டப்பா மாத்தி வச்சேன். மூணு மணிக்கு வந்து உன்னை எழுப்பிக் கூட்டிட்டுப் போகலாம்னு இருந்தேன்."

பூனைக்கு விளங்கச் சற்று நேரம் பிடித்தது.

"அப்ப... நீ மூணு நாளா தேய்ச்சது?"

"உனக்கு ஃபீஸ் கட்ட வழியில்லையேன்னு, முதல்ல அதை முடிச்சேன். என்னோடதைத் தொட நேரமே கிடைக்கல."

"ஐயோ, அப்ப நான்..."

ரேடியோ முதல் முறையாக அவள் முகத்தைப் பார்த்தாள்.

"உன்னோடதைத்தான்டி நீ திருடியிருக்கே."