கெடவா போகுது?

எங்கள் வீட்டு அலமாரியில் போன மாதம் வைத்த புளிக்குழம்பு இருக்கிறது. பக்கத்திலேயே கிறிஸ்துமஸுக்குச் செய்த பிரியாணி. இரண்டும் நேற்று இறக்கியது மாதிரி அப்படியே இருக்கின்றன. கடைக்கு வரும் அரிசி, காய், மீன் எல்லாவற்றிலும் கிராம்பு எண்ணெயும் ஓம எண்ணெயும் தெளித்துத்தான் அனுப்புகிறார்கள். எதிலும் பூசணம் பிடிக்காது, எதுவும் ஊசிப்போகாது. வீடே பல் டாக்டர் கிளினிக் மாதிரி நாறுகிறது.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். துறைமுகத்தில் வேலை பார்க்கும் என் வீட்டுக்காரர் ரொசாரியோவைத்தான் பொறுக்க முடியவில்லை. சாப்பிட வாங்க என்று போன் பண்ணினால் ஒரே பதில்: "வச்சிரு கிரேசி, கெடவா போகுது?" கல்யாண நாளன்றும் அதையேதான் சொன்னார். அந்தப் பாயசமும் அலமாரியில்தான் இருக்கிறது.

நேற்று பக்கத்து வீட்டு அக்கா தன் மரத்துத் தேங்காய் ஒன்று கொடுத்தாள். செடியில் பறித்த மிளகாயும் கொடுத்தாள். எண்ணெய் படாத சாமான். இன்று காலையில் சட்னி அரைத்துவிட்டு அவருக்குப் போன் போட்டேன்.

"உடனே வீட்டுக்கு வாங்க."

"வேலை கிடக்கு. வச்சிரு, கெடவா..."

"கெட்டுப்போயிரும். மத்தியானம் வரைக்கும் தாங்காது."

அப்படி ஒரு பேச்சைக் கேட்டு எத்தனை வருஷமாச்சோ அவருக்கு.

"எது கெட்டுப்போயிரும், கிரேசி?" குரல் இறங்கியிருந்தது.

"இப்போதைக்கு, சட்னி" என்று சொல்லிப் போனை வைத்தேன்.